பொசுங்கிய பெயர்களின் கொடிவழி

ஜே.கே. ரோலிங் 1997 முதல் 2007 வரை ஏழு நாவல்களாக வெளியிட்ட ஹாரி பாட்டர் கதைத்தொடரில் மந்திரவாதிக் குடும்பங்கள் பல வருகின்றன என்றாலும், ஒரு குடும்பத்தின் செல்வாக்கையும் இறுமாப்பையும் உட்பகையையும் அழிவையும் ஐந்தாறு தலைமுறைகளுக்குத் தொடர்ந்து பார்க்க இடம் தருவது பிளாக் குடும்பமே ஆகும். கதைநாயகன் ஹாரியின் ஞானத்தந்தையாக, அதாவது பெற்றோர் இல்லாத காலத்தில் பிள்ளைக்குப் பொறுப்பேற்க வேண்டியவராக, மூன்றாம் நாவலில் அறிமுகமாகும் சிரியஸ் பிளாக் இக்குடும்பத்தவர். ஹாரி வெறுத்து அஞ்சும் பகைவர் சிலரும் இதே குடும்பத்தவர். 2003 ஜூன் 21 அன்று வெளியான ஐந்தாம் நாவலில் லண்டன் நகரின் கிரிம்மோல்ட் பிளேஸ் பன்னிரண்டாம் எண் வீட்டின் கதவு திறக்கும்போதுதான், இந்த இரு தரப்பினரும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவர்கள் என்பது வாசகருக்குத் தெரியவருகிறது.

இக்குடும்பத்தின் வரலாற்றைப் புரிந்துகொள்ள, அந்தக் கதையுலகம் மனிதரைப் பிறப்பால் பிரிக்கும் முறையை முதலில் அறிய வேண்டும். மந்திர ஆற்றல் இல்லாத இயல்பான மனிதர்களை மந்திரவாதிகள் ‘மகிள்’ என்கின்றனர். முன்னோர் அனைவரும் மந்திரவாதிகளே என்று உரிமை கொண்டாடுவோர் தூய குருதியர் எனப்படுகின்றனர். இரு வழியும் கலந்து பிறந்தோர் அரைக் குருதியர். மகிள் பெற்றோருக்குப் பிறந்தும் ஆற்றல் வாய்க்கப்பெற்றோர் மகிள் வழியினர். மந்திரவாதிகளுக்குப் பிறந்தும் ஆற்றல் வாய்க்காதோர் ‘ஸ்குவிப்’ எனப்படுகின்றனர். கடைசி இரு வகையினர் பிறந்துகொண்டே இருப்பது ஒன்றே, குருதிக்கும் ஆற்றலுக்கும் உறுதியான தொடர்பு இல்லை என்பதற்குப் போதிய சான்றாகும். ஆயினும், ஹாக்வர்ட்ஸ் மந்திரப் பள்ளியை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நிறுவிய நால்வருள் ஒருவரான சலசார் ஸ்லிதரின் மகிள் வழிப் பிள்ளைகளைச் சேர்க்கக் கூடாது என்று வாதிட்ட நாள் முதல், தூய்மைக் கோட்பாடு சில குடும்பங்களில் சமயநெறி போலவே காக்கப்பட்டு வருகிறது. மந்திரவாதிகள் மகிள்களிடமிருந்து தங்களை முற்றிலும் மறைத்துக்கொள்ளும் பன்னாட்டு ஒப்பந்தம் 1692ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த பிறகு அது மேலும் இறுகியது. 1930களில் பெயர் குறிப்பிடாத ஒருவர் பிரிட்டனில் உண்மையான தூய குருதிக் குடும்பங்கள் என 28 குடும்பங்களைப் பட்டியலிட்டார் என்று ரோலிங் பின்னர் எழுதிய குறிப்பொன்று கூறுகிறது. அந்தப் பட்டியலில் பிளாக் குடும்பம் இடம்பெற்றதில் வியப்பில்லை. இடம்பெற்ற வீஸ்லி குடும்பத்தார், தங்களுக்கு மகிள் உறவினர்களும் உண்டு என்று கூறி அதை எதிர்த்தனர் என்பதே கருதத்தக்கது.

பிளாக் குடும்பத்தின் குலமொழி ‘துஜூர் ப்யூர்’ என்பது. ‘என்றும் தூய்மை’ எனப் பொருள்படும் இத்தொடர் ஆங்கிலத்தில் அமையாமல் பிரெஞ்சு மொழியில் அமைந்ததற்குக் காரணம் உண்டு. 1066ஆம் ஆண்டு நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னர் அங்கே பல தலைமுறைகளுக்குப் பிரெஞ்சே பிரபுக்களின் மொழியாக விளங்கியது. பிரிட்டிஷ் அரசமரபின் குலமொழிகூட இன்றும் பிரெஞ்சுத் தொடராகவே உள்ளது. எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு பயின்ற ரோலிங், இரண்டே சொற்களில் இக்குடும்பத்தின் பழமைச் செருக்கு முழுவதையும் அடக்கிவிட்டார். பிளாக் என்று பிறந்தாலே அரசகுலத்தில் பிறந்ததற்கு நிகர் என்று தம் பெற்றோர் நம்பியதைச் சிரியஸ் கசப்புடன் நினைவுகூர்வதும் இதனோடு பொருந்துகிறது.

அந்தச் செருக்கின் கண்கூடான வடிவம் வீட்டின் வரவேற்பறைச் சுவரை மறைத்துத் தொங்கும் பெருஞ்சீலை ஆகும். தமிழில் வம்சாவளியைக் கொடிவழி என்கிறோம். இங்கே அது உண்மையாகவே கொடி போலப் பொன்னிழையால் படர நெய்யப்பட்டிருக்கிறது. எழுநூறு ஆண்டுகளாகக் குடும்பத்தின் உடைமையாக இருந்து, நிறம் மங்கி, பூச்சிகளால் அரிக்கப்பட்ட நிலையிலும் பொன்னிழை மட்டும் மின்னிக்கொண்டிருக்கும் அச்சீலையில், இடைக்காலம் முதல் குடும்பத்தில் பிறந்தோர், மணந்தோர் பெயர்கள் வரிசையாக உள்ளன. ஆனால் அதைப் பார்ப்போரின் கண் பெயர்களில் நிற்பதில்லை. சுருட்டு நெருப்பு பட்டதுபோல அங்கங்கே சிறு வட்டங்களாகக் கருகிய துளைகளே முதலில் தெரிகின்றன. குடும்பத்தின் கொள்கையை மீறியவர்களின் பெயர்களை மூத்தோர் மந்திரக்கோலால் பொசுக்கிய தடங்கள் அவை. ஒருவரைத் தலைமுழுகிவிட்டோம் என்று வாய்ச்சொல்லாகக் கூறுவது வேறு. அவர் பிறக்கவே இல்லை என்று ஏட்டைத் திருத்துவது வேறு. பிளாக் குடும்பம் இரண்டாவதைச் செய்தது. ஆனால் துளையை எவராலும் மறைக்க முடியவில்லை என்பதால், எவரை மறக்க நினைத்ததோ அவர்களையே அச்சீலை எந்நாளும் சுட்டிக்காட்டிக்கொண்டிருக்கிறது.

நாவலில் சிரியஸ் சில பெயர்களை மட்டுமே சுட்டுகிறார். 2006ஆம் ஆண்டு, வளரும் நாடுகளுக்கு நூல்கள் அனுப்பும் ‘புக் எய்ட் இன்டர்நேஷனல்’ என்ற அறக்கட்டளைக்கு நிதி திரட்டுவதற்காக, ரோலிங் தம் கைப்பட வரைந்த பிளாக் குடும்பக் கொடிவழியை ஏலத்துக்கு அளித்தார். அதன் மூலமே பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் பல தலைமுறைகளின் பெயர்களும் ஆண்டுகளும் வெளிப்பட்டன. பொசுக்கப்பட்டவர்களின் குற்றங்களைப் பார்த்தால் குடும்பத்தின் சட்டநூலே கைக்குக் கிடைத்ததுபோல் இருக்கிறது. ஐலா பிளாக் ஒரு மகிள் ஆடவரை மணந்ததற்காக நீக்கப்பட்டார். ஃபினியஸ் என்பவர் மகிள்களின் உரிமைக்கு ஆதரவு காட்டியதற்காக நீக்கப்பட்டார். மேரியஸ் ஸ்குவிப்பாகப் பிறந்ததற்காக, அதாவது தாம் எதையும் செய்யாமலேயே, நீக்கப்பட்டார். செட்ரெல்லா, தூய குருதியராக இருந்தும் மகிள்களை வெறுக்காத வீஸ்லி குடும்பத்துச் செப்டிமஸை மணந்ததற்காக நீக்கப்பட்டார். வீட்டை விட்டு ஓடிய சிரியஸுக்குத் தம் பொன்னில் ஒரு பங்கை எழுதிவைத்த தாய்மாமனான ஆல்ஃபார்டு கூட, இறந்த பின்னும் தப்பவில்லை. அன்பு, நீதியுணர்வு, இயற்கை, ஈகை ஆகியவை அனைத்துமே இக்குடும்பத்தில் தண்டனைக்குரியவையாக இருந்தன என்பதை இத்துளைகள் காட்டுகின்றன.

பொசுக்கப்படாமல் பெருமையுடன் நிலைத்தவர்களின் செயல்கள் இவற்றுக்கு நேர்மாறானவை. எலடோரா என்ற அத்தை, தேநீர்த் தட்டைத் தூக்க இயலாத அளவுக்கு முதுமையடைந்த ஏவல் எல்ஃபுகளின் தலையைத் துண்டிக்கும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தவர். தலைமுறை தலைமுறையாக ஊதியமின்றி, விடுதலையுமின்றி ஒரே குடும்பத்துக்கு உழைக்கக் கட்டுப்பட்ட சிற்றுருவ மந்திர உயிர்களே ஏவல் எல்ஃபுகள் எனப்படுகின்றன. அத்தலைகள் பலகையில் பதிக்கப்பட்டு மாடிப்படிச் சுவரில் வரிசையாக மாட்டப்பட்டிருந்தன. சிரியஸின் தாய்க்கு உறவினரான அராமின்டா மெலிஃப்ளூவா, மகிள்களை வேட்டையாடுவதைச் சட்டப்படி அனுமதிக்கும் மசோதாவை மந்திர அமைச்சகத்தின் மூலம் நிறைவேற்ற முயன்றவர். சிரியஸின் பாட்டனார் பெற்ற உயரிய மெர்லின் விருது, அமைச்சகத்துக்கு அவர் வாரிக் கொடுத்த பொன்னுக்கான கைம்மாறு என்று பேரனே வெளிப்படையாகக் கூறுகிறார்.

இவர்களிடையே தனித்து நிற்பவர், மேலே சொன்ன ஃபினியஸ் அல்லாத இன்னொருவரான ஃபினியஸ் நைஜெல்லஸ் பிளாக். 1847இல் பிறந்து 1925இல் மறைந்ததாகக் கொடிவழி குறிப்பிடும் இவர், ஹாக்வர்ட்ஸ் வரலாற்றில் மாணவர் அன்பை மிகக் குறைவாகப் பெற்ற தலைமையாசிரியர் என அறியப்படுகிறார். ‘நைஜெல்லஸ்’ என்பது கருமையைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்தது என்பதால், குடும்பப் பெயரே இரு மொழிகளில் இருமுறை ஒலிப்பதாகவும் கொள்ளலாம். அவரது உயிர்ப்புள்ள ஓவியத்துக்குப் பள்ளியில் ஒன்றும் கிரிம்மோல்ட் பிளேஸில் ஒன்றுமாக இரு பிரதிகள் உள்ளன. ஓவியத்தில் உள்ளவர் ஒரு சட்டகத்திலிருந்து மற்றொன்றுக்குச் சென்றுவர முடியும். கிண்டலும் வெறுப்புமாகவே பேசும் அவர், சிரியஸ் இறந்த செய்தியைக் கேட்டதும், தம் எள்ளுப்பேரனும் குடும்பத்தின் கடைசி ஆணுமானவர் மறைந்துவிட்டார் என்பதை நம்ப மறுத்து, ஓவியத்தை விட்டு நீங்கிப் பழைய வீட்டின் சட்டகங்கள்தோறும் அவரைத் தேடிச் செல்கிறார். சீலையில் பொசுக்கப்பட்டுவிட்ட பேரனையும் தம்மவன் என்றே அந்த மூதாதையின் நிழல் கருதியது என்பது, இக்குடும்ப வரலாற்றின் மிகத் துயரமான கணங்களுள் ஒன்று.

பிளாக் குடும்பத்தார் பிள்ளைகளுக்கு விண்மீன்களின் பெயரையும் விண்மீன் கூட்டங்களின் பெயரையும் சூட்டும் வழக்கமுடையவர்கள். சிரியஸ் என்பது இரவு வானின் மிகப் பிரகாசமான விண்மீன்; அது பெருநாய் எனப்படும் விண்மீன் கூட்டத்தில் இருப்பதால் நாய் விண்மீன் என்றும் அழைக்கப்படுகிறது; கதையில் சிரியஸ் கரிய நாயாக உருமாறும் ஆற்றல் பெற்றவராக இருப்பது இதனால்தான். ஓரியன், சிக்னஸ், ஆண்ட்ரோமெடா, கசியோபியா ஆகியவை விண்மீன் கூட்டங்கள். பெல்லாட்ரிக்ஸ் ஓரியனில் உள்ள விண்மீன், லத்தீனில் அதன் பொருள் போர்மகள். இவற்றுள் சில தமிழருக்கும் பழக்கமானவையே: ரெகுலஸ் நம் மகம், ஆர்க்டூரஸ் நம் சுவாதி, புனர்பூசத்தின் இரு விண்மீன்களுள் ஒன்று போலக்ஸ். சிரியஸின் தம்பிக்கு ஏன் ரெகுலஸ் என்று பெயரிட்டார் ரோலிங் என்பதை எண்ணிப் பார்ப்பது பயனுள்ளது. சிறிய அரசன் எனப் பொருள்படும் அப்பெயருடைய விண்மீன் சிங்க ராசியின் இதயமாகக் கருதப்படுவது. கதையுலகிலோ சிங்கம் ஹாக்வர்ட்ஸ் பள்ளியில் வீரத்துக்குப் பேர்போன கிரிஃபின்டோர் பிரிவின் சின்னம். பாம்பைச் சின்னமாகக் கொண்ட ஸ்லிதரின் பிரிவில் பயின்ற அந்த இளைஞனுக்குள் சிங்கத்தின் இதயம் இருந்தது என்பது வாசகருக்குத் தெரிய மேலும் இரு நாவல்கள் தேவைப்பட்டன.

வானத்தை அண்ணாந்து பார்த்துப் பெயரிட்ட குடும்பம் தன் திருமண உறவுகளை மட்டும் மிகக் குறுகிய வட்டத்துக்குள் அடைத்துக்கொண்டது. தூய குருதியருக்குள்தான் மணம் என்றால் நாளடைவில் எல்லோரும் எல்லோருக்கும் உறவாகிவிடுவர் என்று சிரியஸே விளக்குகிறார். அவருடைய தந்தை ஓரியன், தாய் வால்பர்கா ஆகிய இருவரும் பிறப்பாலேயே பிளாக்குகள். இருவருக்கும் கொள்ளுத்தாத்தா ஃபினியஸ் நைஜெல்லஸ்தான். தமிழ் உறவுமுறையில் சொல்வதானால், ஆண்வழியில் வந்த பங்காளிகளான அவர்கள் அக்காள் தம்பி முறையினர். ரோலிங்கின் அட்டவணைப்படி வால்பர்கா 1925இல் பிறந்தார், அவருடைய தந்தை போலக்ஸோ 1912இல் பிறந்தவர். மகள் பிறந்தபோது தந்தைக்கு வயது 13 என்றாகிறது. இது ஆசிரியரின் கணக்குப் பிழை என்று வாசகர் பலர் கருதுகின்றனர். அதற்குமேல் அதில் பொருள் தேடுவது வீண்.

நெருங்கிய உறவுக்குள் மணந்துகொண்டே போவதன் விளைவை ரோலிங் வேறொரு குடும்பத்தின் வழியே இன்னும் கடுமையாகக் காட்டியுள்ளார். ஸ்லிதரினின் நேர்வழியினரான காண்ட் குடும்பம், சொந்தத்துக்குள்ளேயே மணந்து மணந்து, சித்தக் குலைவும் வன்முறையும் தலைமுறைதோறும் பெருகி, செல்வமெல்லாம் கரைந்து, குடிசையொன்றில் ஒரு மோதிரத்தையும் ஒரு பதக்கத்தையும் மட்டும் பிடித்துக்கொண்டு அழிந்தது. அதன் கடைசிப் பெண்ணுக்கும் ஒரு மகிள் ஆடவருக்கும் 1926 டிசம்பர் 31 அன்று பிறந்த பிள்ளையே பின்னாளில் வோல்டமார்ட் என்ற கொடுங்கோலனாக உருவெடுத்து, தான் அரைக் குருதியன் என்பதை மறைத்து, தூய குருதியரின் படையை நடத்தியது. உண்மை வரலாற்றிலும் இதற்கு இணைகள் உண்டு. ஸ்பெயினை ஆண்ட ஹாப்ஸ்பர்க் மரபின் கடைசி அரசரான இரண்டாம் சார்லஸ், மாமனும் மருமகளுமாகிய பெற்றோருக்குப் பிறந்தவர். வாழ்நாள் முழுவதும் நோயுற்றிருந்து, பிள்ளையின்றி 1700இல் இறந்தபோது அந்த மரபு முடிந்து, அரியணைக்காக ஐரோப்பாவே போரில் இறங்கியது. பாட்டன் பாட்டியரை எண்ணி ஒருவரின் குடியுரிமையை முடிவு செய்த ஜெர்மனியின் 1935ஆம் ஆண்டு நியூரம்பெர்க் சட்டங்களும், தூய குருதி, அரைக் குருதி என்ற கதைச்சொற்களைப் படிக்கும்போது நினைவுக்கு வராமல் போவதில்லை.

கொடிவழியின் முனையில் இரு சகோதரரும் மூன்று சகோதரியரும் நிற்கின்றனர். சிக்னஸின் மகள்களான பெல்லாட்ரிக்ஸ், ஆண்ட்ரோமெடா, நார்சிஸ்ஸா ஆகியோர் சிரியஸுக்கும் ரெகுலஸுக்கும் ஒன்றுவிட்ட சகோதரியர். ஒரே வளர்ப்பில் வளர்ந்த இந்த ஐவரும் ஐந்து வழிகளில் பிரிந்தனர் என்பதே, பிறப்பு மனிதரைத் தீர்மானிக்கிறது என்ற குடும்பக் கோட்பாட்டுக்குக் குடும்பத்துக்குள்ளிருந்தே எழுந்த மறுப்பு. பெல்லாட்ரிக்ஸ் வோல்டமார்ட்டின் மிகக் கொடிய அடியாராகி, லாங்பாட்டம் இணையரை அவர்கள் அறிவு கலங்கும்வரை வதைத்து அஸ்கபான் சிறைக்குச் சென்றார். ஆண்ட்ரோமெடா மகிள் வழியினரான டெட் டாங்ஸை மணந்து சீலையில் துளையானார். நார்சிஸ்ஸா எதிர்பார்ப்புக்கு ஏற்பச் செல்வமும் தூய குருதியும் உள்ள லூசியஸ் மால்ஃபாயை மணந்தார். சிரியஸ், குடும்பம் முழுவதும் பயின்ற ஸ்லிதரினை விட்டுக் கிரிஃபின்டோரில் சேர்ந்து, பதினாறு வயதில் வீட்டை விட்டு ஓடி நண்பர் ஜேம்ஸ் பாட்டரின் பெற்றோரிடம் அடைக்கலமானார். பின்னர், செய்யாத கொலைகளுக்காக விசாரணையே இன்றிப் பன்னிரண்டு ஆண்டுகள் அஸ்கபானில் கிடந்தார். ரெகுலஸ் பெற்றோர் விரும்பியபடியே வளர்ந்து, பதினாறு வயதில் ‘டெத் ஈட்டர்கள்’ எனப்படும் வோல்டமார்ட்டின் படையில் சேர்ந்தான்.

ரெகுலஸின் கதையே இக்குடும்ப வரலாற்றின் உள்ளீடு. 1979ஆம் ஆண்டு, பதினெட்டு வயதில் அவன் இறந்தான். தம்பி தன் எசமானரின் கொடுமையைக் கண்டு அஞ்சிப் பின்வாங்க முயன்று கொல்லப்பட்டிருப்பான் என்றே சிரியஸ் கருதினார். அசட்டுத் துணிச்சலில் சிக்கிக்கொண்ட பையன் என்று இரக்கமும் இகழ்ச்சியும் கலந்து பேசினார். உண்மையில் நடந்தது வேறு. வோல்டமார்ட் தன் உயிரைப் பல கூறுகளாக்கிப் பொருள்களில் ஒளித்து வைத்திருந்தான். அத்தகைய உயிர்க்கலமாகிய பொருளுக்கு ஹார்கிரக்ஸ் என்று பெயர். அவற்றுள் ஒன்றான ஸ்லிதரினின் பதக்கத்தைக் கடலோரக் குகை ஒன்றில் நஞ்சு நிறைந்த கிண்ணத்தின் அடியில் வைத்தபோது, நஞ்சின் வலிமையைச் சோதிக்க ஓர் ஏவல் எல்ஃபைக் கேட்டான்; ரெகுலஸ் தன் வீட்டு எல்ஃபான கிரீச்சரைப் பெருமையாகவே அனுப்பிவைத்தான், வேலை முடிந்ததும் வீடு திரும்ப வேண்டும் என்ற கட்டளையோடு. நஞ்சைக் குடிக்கவைத்து, ஏரியில் உலவும் உயிரற்ற உடல்களிடம் கிரீச்சரை விட்டுவிட்டுப் போனான் வோல்டமார்ட். எல்ஃபின் மந்திரம் மந்திரவாதியின் மந்திரத்தைக் கடந்து செயல்படும் என்பதை அவன் பொருட்படுத்தவே இல்லை. கட்டளைக்குப் பணிந்து கிரீச்சர் வீடு திரும்பியது. தன் குடும்பம் சுவரில் தலைகளாக மாட்டிவைத்த ஓர் இனத்தைச் சேர்ந்த உயிர் பட்ட துன்பமே ரெகுலஸின் மனத்தைத் திருப்பியது. அவன் கிரீச்சரோடு குகைக்குச் சென்று, இம்முறை நஞ்சைத் தானே குடித்து, பதக்கத்தை மாற்றிவைக்கச் செய்து, அசல் பதக்கத்தை அழித்துவிடுமாறும் தாயிடம் எதையும் சொல்லக் கூடாது என்றும் கட்டளையிட்டுவிட்டு, ஏரிக்குள் இழுக்கப்பட்டு மாண்டான்.

இந்த நிகழ்வு வாசகருக்குத் தெரிந்த விதமும் கதைத் தொழில்நுட்பத்தின் சிறந்த எடுத்துக்காட்டு. 2003இல் வெளியான ஐந்தாம் நாவலில், வீட்டைச் சுத்தம் செய்யும்போது எவராலும் திறக்க முடியாத ஒரு கனத்த பதக்கம் குப்பையோடு ஒதுக்கப்படுவதாக ஒரே வரியில் சொல்லப்படுகிறது. 2005இல் வெளியான ஆறாம் நாவலின் இறுதியில், குகையில் கிடைத்த போலிப் பதக்கத்துக்குள் ஆர்.ஏ.பி. என்று கையொப்பமிட்ட குறிப்பு கிடைக்கிறது. ரெகுலஸ் ஆர்க்டூரஸ் பிளாக் என்ற விடை 2007இல் வெளியான ஏழாம் நாவலில்தான் உறுதியாகிறது. ஆனால் கூர்மையான வாசகர்கள் அதற்கு முன்பே அதைக் கண்டுபிடித்தனர். அதற்கு மொழிபெயர்ப்புகள் உதவின. டச்சு மொழிபெயர்ப்பில் பிளாக் என்ற குடும்பப் பெயர் கருப்பு எனும் பொருள் மாறாமல் ஸ்வார்ட்ஸ் என மாற்றப்பட்டிருந்தது. எனவே கையொப்பத்தின் கடைசி எழுத்தும் அதற்கேற்ப மாறியது. நார்வேஜிய மொழிபெயர்ப்பிலும் அவ்வாறே நேர்ந்தது. மூல நூல் காத்த இரகசியத்தை மொழிபெயர்ப்பாளரின் நேர்மை வெளிப்படுத்திவிட்டது.

அந்த உண்மையைப் பதினெட்டு ஆண்டுகள் சுமந்தது கிரீச்சர் மட்டுமே. மகன் என்னவானான் என்று தெரியாமலேயே தாய் துயரில் நிலைகுலைந்தார். 1985இல் இறந்த பின்னும் அவரது ஓவியம், எவராலும் அகற்ற முடியாதபடி சுவரோடு ஒட்டப்பட்டு, வீட்டுக்குள் நுழைவோரையெல்லாம் குருதிக் கேடர் என்று கூச்சலிட்டுச் சபிக்கிறது. அண்ணன் சிரியஸோ, தாயின் நினைவாகவும் வெறுத்த வீட்டின் எச்சமாகவும் மட்டுமே கிரீச்சரைப் பார்த்தார், அதட்டினார், விரட்டினார், ஒருமுறையேனும் அமர்ந்து கேட்டிருந்தால், தம்பி கோழையாக இறக்கவில்லை என்பதை அறிந்திருக்கக்கூடும். அந்தப் புறக்கணிப்பால் கிரீச்சர் நார்சிஸ்ஸாவை நாடிச் சென்று குடும்பச் செய்திகளைக் கூற, அதைக் கொண்டு பின்னப்பட்ட சூழ்ச்சியில் சிக்கி 1996 ஜூனில் சிரியஸ் பெல்லாட்ரிக்ஸின் கையால் மாண்டார். குடும்பத்தின் கொள்கைகள் அனைத்தையும் உதறியவர், ஏவலரைக் கீழாக நடத்தும் பழக்கத்தை மட்டும் உதறவில்லை. நல்லவராகக் காட்டப்படும் மனிதரிடமும் குடும்பம் ஒரு கறையை விட்டுச்சென்றிருந்தது என்று எழுதத் துணிந்த இடத்தில்தான் ரோலிங்கின் படைப்பு மிக உயர்ந்து நிற்கிறது என்று சொல்லத் தோன்றுகிறது. 2007இல் வெளிவந்த ஐந்தாம் திரைப்படத்தின் எழுத்தாக்கத்தில் கிரீச்சரை விட்டுவிட எண்ணியபோது, பின்வரும் கதைக்கு அந்தப் பாத்திரம் தேவை என்று ரோலிங் அறிவுறுத்திச் சேர்க்கச் செய்தார்.

சிரியஸின் மரணத்தோடு பிளாக் என்ற பெயர் முடிந்தது. தம்பி முன்னரே இறந்திருந்தான், இருவருக்கும் பிள்ளைகள் இல்லை. வீடு ஆண்வழியில் பிளாக் பெயர் கொண்ட அடுத்தவருக்கே செல்ல வேண்டும் என்பது குடும்ப மரபு; சொத்தைப் பிரிக்கவோ விற்கவோ விடாமல் ஒரே வழியில் நிறுத்தும் இத்தகைய ஏற்பாடு இங்கிலாந்துப் பிரபுக் குடும்பங்களில் நெடுங்காலம் சட்டமாகவே இருந்தது. சிரியஸோ வீட்டை ஹாரிக்கு எழுதிவைத்திருந்தார். பழைய மந்திரக் கட்டு ஏதேனும் இருந்து வீடு பெல்லாட்ரிக்ஸுக்குப் போய்விடுமோ என்ற ஐயத்தைத் தீர்க்க, தலைமையாசிரியர் டம்பிள்டோர் ஹாரியை விட்டுக் கிரீச்சருக்கு ஒரு கட்டளை இடச் செய்கிறார்; எல்ஃப் பணிகிறது, உரிமை உறுதியாகிறது. தமிழில் குடி என்ற சொல் வீட்டையும் அதில் வாழும் குலத்தையும் சேர்த்தே குறிப்பதுபோல, பிளாக்குகளுக்கும் வீடும் குலமும் ஒன்றாகவே இருந்தன; அந்த வீடு இப்போது மகிள் வழித் தாய்க்குப் பிறந்த ஓர் இளைஞனின் உடைமையாயிற்று.

எஞ்சிய மூன்று சகோதரியரின் முடிவு 1998ஆம் ஆண்டுப் போரோடு பிணைந்துள்ளது. ஏழாம் நாவலின் முதல் அத்தியாயத்திலேயே, ஆண்ட்ரோமெடாவின் மகள் நிம்ஃபடோரா, ஓநாய் மனிதராக உருமாறும் சாபத்துக்கு ஆளான ரீமஸ் லூபினை மணந்த செய்தியைச் சொல்லிக் காட்டி, குடும்ப மரத்தின் நோயுற்ற கிளைகளை வெட்டிவிட வேண்டும் என்று வோல்டமார்ட் பெல்லாட்ரிக்ஸைத் தூண்டுகிறான். சீலையில் பெயரைப் பொசுக்கிய கையின் வேலை இப்போது உயிரைப் பொசுக்குவதாக மாறிவிட்டது. அந்த ஆண்டு ஆண்ட்ரோமெடா முதலில் கணவரையும், மே 2 அன்று ஹாக்வர்ட்ஸ் போரில் மகளையும் மருமகனையும் இழந்தார். அதே போரில் பெல்லாட்ரிக்ஸை வீழ்த்தியவர், குடும்பம் ஏளனம் செய்த வீஸ்லிகளின் வீட்டுத் தாயான மாலி. நார்சிஸ்ஸாவோ, காட்டில் கிடந்த ஹாரி உயிரோடிருக்கிறானா என்று சோதிக்க அனுப்பப்பட்டபோது, தன் மகன் டிராக்கோ உயிரோடிருப்பதை ஹாரியிடமே மெல்லக் கேட்டறிந்து, ஹாரி இறந்துவிட்டான் என்று வோல்டமார்ட்டிடம் பொய் கூறினார். குலப்பெருமைக்காக மணமுடிக்கப்பட்டவர், குலக்கொள்கையின் தலைவனைப் பிள்ளைப் பாசத்துக்காகக் கைவிட்டார். போரின் முடிவு அந்த ஒரு பொய்யைச் சார்ந்திருந்தது. போரின் கடைசிக் கட்டத்தில், பள்ளிச் சமையற்கூடத்து எல்ஃபுகளைத் திரட்டிக்கொண்டு கிரீச்சர் களத்தில் இறங்கியது. அதன் மார்பில் ஹாரி கொடுத்த போலிப் பதக்கம் ஆடியது, கிரீச்சர் அழைத்த பெயர் ரெகுலஸ்.

அந்தக் குருதி முற்றிலும் அற்றுப்போகவில்லை. மால்ஃபாய் வழியில் டிராக்கோவுக்குப் பிறந்த மகனுக்கு விருச்சிகத்தைக் குறிக்கும் ஸ்கார்பியஸ் என்ற பெயர் இடப்பட்டு, விண்மீன் வழக்கம் வேறொரு குடும்பப் பெயரோடு தொடர்கிறது. ஹாரி தன் மூத்த மகனுக்கு ஜேம்ஸ் சிரியஸ் என்று பெயரிட்டான். பொசுக்கப்பட்ட துளையிலிருந்து வந்த வழியில் எஞ்சியவன், போர் நடந்தபோது கைக்குழந்தையாக இருந்து பாட்டி ஆண்ட்ரோமெடாவால் வளர்க்கப்பட்ட டெடி லூபின். நினைத்தபடி தலைமயிரின் நிறத்தை மாற்றிக்கொள்ளும் தாயின் அரிய ஆற்றலை அவன் பெற்றிருக்கிறான். அவனுக்கு இடப்பட்ட பெயர் எந்த விண்மீனுடையதும் அன்று. பிளாக் குடும்பம் தன் சீலையில் ஏற்க மறுத்த மகிள் வழித் தாத்தா டெட்டின் பெயர்.